டைவர்டிகுலம்: பக்கப்பையும் நுண்துளை அறுவையும்

ஸ்கேன் அறிக்கையில் ‘டைவர்டிகுலம்’ என்று இருந்தால் பலர் அதைக் குடலிறக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. குடலிறக்கத்தில் வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடலே வெளியே தள்ளிக்கொண்டு வரும். டைவர்டிகுலத்தில் குடல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் சுவரில் சிறு பை ஒன்று புடைத்து நிற்கும், அவ்வளவுதான்.

லத்தீனில் இதற்குக் கிளைப்பாதை என்று பொருள். பெருவழியை விட்டு ஒதுங்கித் தங்கும் சத்திரத்தையும் அந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். பெருங்குடலின் தசைச் சுவரை ரத்தக் குழாய்கள் துளைத்து நுழையும் இடங்கள் சற்று வலுக்குறைந்தவை. உள்ளே அழுத்தம் கூடினால் அங்கேதான் உட்சவ்வு பிதுங்கிப் பையாகிறது.

தமிழில் ‘குடல் பிதுக்கம்’ என்றால் மறுபடியும் குடலிறக்கக் குழப்பம்தான். ‘பக்கப்பை’ என்பதே சரி என்பேன். பைகள் வெறுமனே இருப்பது டைவர்டிகுலோசிஸ். பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் வராது. அவை அழற்சி கண்டால் டைவர்டிகுலைடிஸ், அதாவது பக்கப்பை அழற்சி. அழற்சி திரும்பத் திரும்ப வந்து வாட்டினாலோ, குடல் அடைத்துக்கொண்டாலோ, ஓட்டை விழுந்தாலோதான் அறுவைப் பேச்சு எழும்.

அப்போது காதில் விழும் சொல் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் இட்டு கேமரா வழியே பார்த்துச் செய்வது. கிரேக்கத்தில் ‘லபாரா’ என்பது விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள மென்மையான பகுதி. ‘ஸ்கோபீன்’ என்றால் பார்த்தல். 1901-இல் ஜெர்மானிய மருத்துவர் கெயோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்தார். 1910-இல் சுவீடன் மருத்துவர் யாக்கோபேயுஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். பார்ப்பதுதான் அன்றைய நோக்கம், அதனால் பெயரில் அறுவையே இல்லை. தமிழில் வழங்கும் ‘நுண்துளை அறுவை’ அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. ‘குறைந்தபட்ச ஊடுருவல் அறுவை’ என்று எழுதுவதை விட்டுவிடலாம். வலியோடு வந்தவருக்கு அதில் எதுவும் புரியாது.

துளைகள் 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, கேமராவை நுழைத்து, திரையைப் பார்த்தபடி மருத்துவர் வேலை செய்வார். பெருங்குடலில் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பதில்லை. நோய் கண்ட குடல் பகுதியையே, பெரும்பாலும் மலக்குடலுக்குச் சற்று முன்னுள்ள சிக்மாய்டு வளைவை, வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைப்பார்கள். ஆகவே ‘பக்கப்பை நீக்கம்’ என்று எழுதினால் தவறு; ‘நுண்துளைவழிக் குடல்பகுதி நீக்கம்’ என்பதே பொருந்தும். வெட்டிய பகுதியை வெளியே எடுக்கப் பொதுவாகச் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தனியாக ஒரு கீறல் போடுவார்கள். பெயரில் நுண்துளை என்று இருப்பதால் இதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.