நாலாவது கம்பி ஏன் 'டொக்' என்கிறது?

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர். முதன்முறையாக ரவுண்ட் கோர் கம்பி, அதாவது உள்ளே ஓடும் எஃகு வட்டமாக இருக்கும் கம்பி, வாங்கி மாட்டினாராம். "நாலாவது கம்பி மட்டும் முதல் நாளே டொக் டொக் என்கிறது. ஹெக்ஸ் கோரில் இப்படி ஆனதே இல்லை. போலிச் சரக்கா சார்?"

மாட்டுவதற்கு முன்பே நுனியை நறுக்கினீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சரி, விஷயம் அங்கேதான்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் முதல் இரண்டு கம்பிகள் வெறும் எஃகு. மற்ற நான்கிலும் நடுவே எஃகு, மேலே வெண்கலச் சுற்று. கனம் கூடினால் சுதி இறங்கும், பள்ளியில் படித்ததுதான். அதற்கு எஃகையே தடியாக்கினால் என்ன? விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். விறைத்த கம்பியில், அடிச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல் சுரங்கள் சுதி பிசகும். அதனால் மெல்லிய எஃகின் மேல் கனத்தைச் சுற்றிவிட்டார்கள்.

அந்த நடு எஃகுதான் கோர். அது வட்டமென்றால் ரவுண்ட் கோர், அறுகோணமென்றால் ஹெக்ஸ் கோர்; பெயரில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். வண்ணாரப்பேட்டைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒரு துண்டு செப்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். உருண்டைப் பென்சில் ஒன்றிலும் ஆறு பட்டைப் பென்சில் ஒன்றிலும் நெருக்கமாகச் சுற்றுங்கள். கையை விட்டதும் உருண்டையில் சுருள் லேசாகப் பிரிந்து வழுக்கும். ஆறு பட்டையில் ஒவ்வொரு சுற்றும் ஆறு விளிம்பிலும் மடங்கி உட்கார்ந்துவிடும். திருகிப் பாருங்கள், அசையாது. ஸ்பேனர் நட்டைப் பிடிப்பதும் இப்படித்தான். எனக்கு இதில் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத சந்தோஷம்.

ஹெக்ஸ் கோரில் வெண்கலம் விளிம்புகளைக் கவ்வுகிறது. நடுவே பொடி இடைவெளிகள். ரவுண்ட் கோரில் சுற்றிலும் ஒட்டித் தொடுகிறது, ஆனால் வழுக்காமல் காப்பது இறுக்கமும் உராய்வும் மட்டுமே. மாட்டுவதற்கு முன் மடிக்காமல் வெட்டினால் அந்த இறுக்கம் போச்சு. தளர்ந்த சுற்றுகள் எஃகோடு சேர்ந்து ஆடாமல் தனியாக உரசும். நீங்கள் மீட்டிய ஆற்றல் சூடாகிக் கரைந்துவிடும். உங்கள் 'டொக்' அதுதான்.

அடுத்த முறை கிட்டார் தலையிலுள்ள முறுக்குச் சாவியில் மாட்டி, சுதி சேர்த்த பிறகு மிச்சத்தை வெட்டுங்கள். முன்னாலேயே வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், செங்குத்தாக ஒரு மடிப்பு மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள்.

'வட்டம் மெத்தென்று இருக்கும், அறுகோணம் விறைப்பு' என்று ஒரு பேச்சு உண்டு. காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரே பரப்பளவு எஃகை இரண்டு வடிவிலும் எடுத்தால் விறைப்பு வித்தியாசம் ஒரு சதவீதம்கூட வரவில்லை. விரலுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் கோரின் தடிமனாலும் சுற்றின் பிடியாலும் வருவது. 'வட்டத்தில்தான் ஆன்மா இருக்கிறது' என்கிற அண்ணன்மாரை, கண்ணைக் கட்டி உட்காரவைத்துக் கேட்கச் சொல்ல ஆசை. 1921இல் சி. வி. ராமன் வீணை, தம்புரா ஓசையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். இன்று ஒரு மைக், ஒரு கணினி, நாலு செட் கம்பி போதும்; கல்லூரிகள் அந்தச் சில்லறையையாவது மாணவருக்கு ஒதுக்கலாம்.

ராயபுரத்து நண்பரே, அந்த நாலாவது கம்பி இனி தேறாது. கழற்றி, பென்சில் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.