பெயரை விடுங்கள், முதலில் கப்பலைப் பிடியுங்கள்

"தாத்தாவோட அண்ணன் யுத்தத்துல கப்பலோட போயிட்டாராம், பெயரை நெட்டில் போட்டுப் பார்த்தோம், ஒண்ணும் வரலை." குடும்ப வரலாறு தேடித் தருவதைத் தொழிலாக வைத்திருக்கும் எனக்கு, கடலில் போனவர்களைப் பற்றி வரும் விசாரணைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும். வராதுதான். அவர் பெயரை ஏட்டில் எழுதியவர் அவரில்லை, துறைமுகத்தில் ஆள் சேர்த்த அலுவலகத்தின் எழுத்தர். காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் தனக்குத் தோன்றியபடி எழுதியிருப்பார், முகமது என்ற ஒரே பெயர் ஒரே பட்டியலிலேயே மூன்று நான்கு விதமாக இருக்கும், அந்தோணி என்பவர் கோவாக்காரர்களோடு சேர்த்து எண்ணப்பட்டு அந்தோனியோ ஆகியிருப்பார், நம் ஊர் இனிஷியல் எங்கேயோ தொலைந்திருக்கும். போதாக்குறைக்கு வேலையின் பெயரும் ஆளின் பெயரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாரங்கு, தண்டல், கலாசி, பண்டாரி எல்லாம் கப்பல் வேலைகள் (சாரங்கு என்றால் மாலுமிகளுக்குத் தலைவர், பண்டாரி என்றால் சமையல்காரர்), அவற்றைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இவர்கள் எத்தனை பேர்? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து, கடலையே கல்லறையாகக் கொண்ட இந்தியர்கள் ஏறக்குறைய 6000 பேர். அன்றைக்கு லஸ்கர் என்று அழைக்கப்பட்டவர்கள். சில்ஹெட், நோவகாளி, சிட்டகாங், கோவா, ரத்னகிரி, குஜராத் கடற்கரை என்று பல இடங்களிலிருந்தும் வந்தவர்கள், அவர்களோடு கலந்து நம் கடற்கரை ஆட்களும். வணிகக் கப்பலோட்டிகளுக்காக லண்டன் டவர் ஹில்லில் பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது, இரண்டாம் போரில் மட்டும் ஏறக்குறைய 24,000 பெயர்கள், வெண்கலப் பலகைகளில். அங்கே போய்த் தேடிவிட்டு "எங்க ஆள் பெயரே இல்லை" என்று நொந்து திரும்பியவர்கள் உண்டு. லஸ்கர்களின் பெயர்கள் பொதுவாக அங்கே இல்லை. மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கும் ஏடுகளில்தான் இருக்கின்றன. ஒரே டார்பிடோவில் செத்த இரண்டு பேரில் ஒருவர் பெயர் லண்டனில் வெண்கலத்தில், கீழே கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர் பெயர் எங்கோ ஓர் அலமாரிக்குள். எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனால் தேடுகிறவருக்கு இதனால் ஒரு லாபமும் இருக்கிறது. இந்த ஏடுகளில் உள்ள பெயர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கின்றன, பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும்கூட இருக்கும். அந்தப் பட்டியலில் கப்பலின் பெயரை வைத்துத் தேடலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

ஏன் கப்பல் என்றால், அந்தக் கால நிர்வாகமே கப்பலை வைத்துத்தான் நடந்தது. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 381 (ஆங்கிலத்தில் BT 381) என்ற தொகுதியில் போர்க்கால மாலுமிப் பட்டியல்கள் இருக்கின்றன. அது ஆள் பெயர்ப்படி அடுக்கப்பட்டதில்லை, ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் இருந்த பதிவு எண்படி அடுக்கப்பட்டது. கப்பல் கைமாறும், பெயர் மாறும், அந்த எண் மட்டும் மாறாது. பி.டி. 389 என்பது கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது கிளம்பியது, எங்கே போனது என்று சொல்லும் அட்டைகள். மாலுமிப் பட்டியல் கையில் கிடைத்துவிட்டால் அப்புறம் எழுத்துக்கூட்டல் பிரச்சினை பாதி தீர்ந்தது, ஏனென்றால் நீங்கள் பல்லாயிரம் பேரில் ஒருவரைத் தேடவில்லை, நூறு நூற்றைம்பது பேரில் தேடுகிறீர்கள். இன்னொன்று, சாரங்குதான் பெரும்பாலும் ஆள் சேர்ப்பவர், தன் ஊர், பக்கத்து ஊர் ஆட்களைத்தான் கூட்டிப் போவார். அதனால் நான் குடும்பத்திடம் "அதே கப்பலில் உங்கள் ஊரிலிருந்து வேறு யார் போனார்கள்?" என்று கட்டாயம் கேட்பேன். உங்கள் ஆளின் பெயர் உருத்தெரியாமல் சிதைந்திருந்தாலும், அடுத்த வீட்டுக்காரரின் பெயர் சரியாக இருந்து, அதற்குப் பக்கத்து வரியில் வயதும் ஊரும் பொருந்தினால் போதும், அங்கே பிடித்துவிடலாம்.

கப்பல் பெயரே தெரியாதே என்பீர்கள். முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. பாட்டி "ஏதோ சிட்டி கப்பல்" என்று சொல்லியிருந்தால் எல்லர்மன் கம்பெனியின் 'சிட்டி ஆஃப்' கப்பல்களில் ஒன்றாக இருக்கலாம், 1940 செப்டம்பரில் குழந்தைகளோடு மூழ்கிய சிட்டி ஆஃப் பனாரஸ் அந்த வரிசைதான், அதிலும் ஏராளமான இந்திய மாலுமிகள் இருந்தார்கள். 'கிளான்' என்று காதில் விழுந்தால் கிளான் லைன். 'ஜல' என்று தொடங்கினால் நம் நாட்டு சிந்தியா கம்பெனி. 1942 ஜனவரி கடைசியில் ஜலதரங், ஜலபாலகா என்ற இரண்டையும் ஜப்பானிய நீர்மூழ்கி வங்கக் கடலிலேயே மூழ்கடித்தது. ஆ என்று முடிகிற பெயர், அதிலும் இந்திய ஊர்ப்பெயர் மாதிரி இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே டார்பிடோ பட்டு மூழ்கிய கெர்சொப்பா அப்படி ஒன்று, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல், உயிர் தப்பியது ஒரே ஒருவர். 2011-இல் அதைக் கடலடியில் கண்டுபிடித்தபோது உலகமே அதிலிருந்த வெள்ளிக் கட்டிகளைப் பற்றிப் பேசியது, மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

நாகப்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரஜூலா கப்பலைத் தெரியாத வீடு அங்கே அபூர்வம். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது, போரைத் தாண்டி ஓடியது, 1970-களில்தான் உடைத்தார்கள். ஆனால் அதற்கு ஒரு சகோதரக் கப்பல் உண்டு, ரோனா. அதே 1926-இல் கட்டியது, அதே வழித்தடம். போரில் அதைப் படைவீரர்களை ஏற்றப் பிடித்துக்கொண்டார்கள், 1943 நவம்பர் 26-ஆம் தேதி அல்ஜீரியாவுக்கு அருகே மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் வீசிய, ரேடியோவால் இயக்கும் குண்டு பட்டு மூழ்கியது. அமெரிக்கப் படைவீரர்கள் மட்டும் 1015 பேர் இறந்தார்கள், கப்பல் ஊழியர்களிலும் நூற்றுக்கும் மேல். அந்தக் குண்டின் விவரம் இரகசியம் என்பதால் சம்பவமே வெகுகாலம் வெளியில் பேசப்படவில்லை. ஆகவே "ரஜூலாவில் குண்டு போட்டப்ப செத்தார்" என்று எந்த வீட்டில் சொன்னாலும் நான் முதலில் ரோனாவின் பட்டியலைத்தான் எடுப்பேன். வீட்டுக் கதையில் பெயர் மாறியிருக்கும், கடல் மாறியிருக்கும், ஆனால் கதை அடியோடு பொய்யாக இருப்பது மிகக் குறைவு. எம்டனையும் இப்படித்தான் கலந்துவிடுகிறார்கள். 1914-இல் சென்னையில் குண்டு போட்ட அந்தக் கப்பல், தான் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பொதுவாக வேறு கப்பலில் ஏற்றி உயிரோடு அனுப்பிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தது, எனவே நடுக்கடலில் எம்டன் கொன்றது என்ற கதை வந்தால் நான் வருடத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அவர் அந்தக் கப்பலில் யாராக இருந்தார் என்பதும் முக்கியம். பயணியா, ஊழியரா, கப்பலில் ஏறிய பட்டாளத்துக்காரரா, ராயல் இந்தியக் கடற்படையா? ஒவ்வொருவருக்கும் ஏடு வேறு. 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா போன திலாவா ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கி 280 பேர் இறந்தார்கள், அதில் பயணிகளாக இருந்தவர்களை மாலுமி ஏட்டில் தேடினால் கிடைக்காது. அதுபோல, கப்பலில் காய்ச்சலில் இறந்தவர், தவறி விழுந்து இறந்தவர் எல்லாம் ஆணையத்தின் பட்டியலில் வரமாட்டார்கள், எதிரியின் தாக்குதலால் இறந்த வணிகக் கப்பல்காரர்களைத்தான் அது சேர்க்கிறது. மற்றவர்களுக்குக் கியூவிலுள்ள கடல் மரணப் பதிவேடு, பி.டி. 334. இன்னும் சிலர் சாகவே இல்லை. ஜெர்மானியத் தாக்குதல் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் பிடித்தவர்களில் பலர் பிரேமன் அருகே மிலாக் நோர்ட் என்ற முகாமில் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள், அங்கே இந்தியர்களும் இருந்தார்கள். "காணவில்லை" என்று தந்தி வந்ததும் திவசம் கொடுக்க ஆரம்பித்த வீட்டுக்கு ஆளே திரும்பி வந்த கதைகளும் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இணையத்துக்குப் போகாதீர்கள். கப்பல்காரர்களின் பணிப் புத்தகம், அந்தப் பழைய சி.டி.சி., கிடைத்தால் தங்கம். கடைசிப் பயணம் அதில் இருக்காமல் போகலாம், ஆனால் அதற்கு முந்தைய கப்பலின் பெயரும் பதிவு எண்ணும் சேர்ந்த தேதியும் இருக்கும், அதே கம்பெனியில்தான் பெரும்பாலும் மறுபடி ஏறியிருப்பார். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு ஒதுக்கிய பணத்தின் ரசீது, கம்பெனி அனுப்பிய உறை, எதையும் கிழிக்காதீர்கள். தயவு செய்து லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் மங்கிய மை போய்விடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்காரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், பர்மா ஸ்டாரா அட்லாண்டிக் ஸ்டாரா என்று பார்த்தாலே எந்தக் கடலில் இருந்தார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பணம் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். "உங்கள் முன்னோரின் போர்ச் சான்றிதழ்" என்று சொல்லிச் சந்தா கட்ட வைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், அதில் பாதி, ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே வரிகளை அழகான பார்டர் போட்டுத் தருவதுதான். கியூவின் அட்டவணையைத் தேடுவதற்கும் காசு கிடையாது. பிரதி வேண்டும் என்கிறபோதுதான் கட்டணம், அதுவும் கப்பல் பெயர், பதிவு எண், வருடம் மூன்றும் உறுதியான பிறகு கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு யாரோ ஒருவரின் பட்டியலுக்குக் காசு கட்டுவீர்கள்.

எல்லாம் பார்த்தும், கப்பல் உறுதி, ஆள் உறுதி, தாக்குதலில் இறந்ததும் உறுதி, ஆனால் ஆணையத்தின் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். விடுபட்டவர்களைச் சேர்க்கச் சொல்லி அவர்களுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, கேட்பது அந்தக் காலத்து ஆவணம், குடும்பக் கதை அல்ல. மாலுமிப் பட்டியலின் பிரதியும் கடல் மரணப் பதிவேட்டின் பக்கமும் சேர்ந்தால் நல்ல பலம். ஊரும் தகப்பன் பெயரும் தவறாக இருந்தால் திருத்தவும் கேட்கலாம். இரண்டுக்கும் ஸ்கேன் பிரதி அனுப்பினால் போதும், மூலத்தை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள்.