யு-போட்: நம்ம ‘நீர்மூழ்கி’ ஏன் அதவிட நல்ல சொல்லு

யு-போட்னா போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கின்னு தெரியும், அந்த ‘யு’ என்னன்னு பாத்தா ‘உன்டர்ஸேபோட்’ங்கிற ஜெர்மன் சொல்லோட முதல் எழுத்து. உன்டர்னா கீழ, ஸேன்னா கடல், போட்னா படகுதான். ஜெர்மன்காரங்க ‘ஊ-போட்’னு சொல்லுவாங்க, எந்த நாட்டு நீர்மூழ்கின்னாலும் அவங்களுக்கு அது ஊ-போட்தான், இங்கிலீஷ்க்கு வந்தப்பதான் ‘யு’ ஆகி ஜெர்மன் நீர்மூழ்கிய மட்டும் குறிக்கிற மாதிரி சுருங்கிடுச்சு.

ஆனா கடலுக்கடியில போற படகுன்னு சொல்றது அந்தக் காலத்துக்கு முழுசா பொருந்தாது. யு-505ங்கிற ஜெர்மன் நீர்மூழ்கிய எடுத்துக்கங்க, 1941 ஆகஸ்ட்ல படையில சேந்தது, கடல் மேல டீசல்ல 18 நாட் வேகம் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) போகும், உள்ள போயிட்டா பேட்டரிதான், 7 நாட்டே அதிகம், மெதுவா 4 நாட்ல போனாக்கூட நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்ல சார்ஜ் தீந்துடும், திரும்ப மேல வந்து டீசல ஓட்டித்தான் ஏத்தணும். அதனால பெரும்பாலும் மேலயே ஓடும், தாக்கறப்பவோ தப்பிக்கிறப்பவோ முங்கும். நம்ம சொல்லு இதத்தான் அப்படியே சொல்லுது, மண்வெட்டி மரங்கொத்தி மாதிரி நீர்மூழ்கி, செய்யுற வேலையே பேரு. கொளத்துல முக்குளிப்பான் நீந்திட்டே இருந்து சட்டுனு முங்கி வேற எடத்துல தலைய நீட்டும்ல, அதேதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ‘நீர்மூழ்கி மூழ்கியது’ன்னு எழுதுனா முங்குச்சா, அழிஞ்சுபோச்சான்னு புரியாது. 1944 ஜூன் 4, ஆப்பிரிக்காவுக்கு மேற்க அமெரிக்கக் கடற்படை வெடிகுண்டு போட்டு யு-505ஐ மேல வரவெச்சுட்டாங்க, ஆளுங்க ஒரு குழாய் மூடியத் தெறந்துவிட்டுட்டு கடல்ல குதிச்சுட்டாங்க, தண்ணி உள்ள கொட்டுது, எந்த நிமிஷமும் போயிடும்ங்கிற நெலமையில அமெரிக்க மாலுமிங்க உள்ள எறங்கி, பக்கத்துலயே கெடந்த அந்த மூடியத் தேடி எடுத்து மாட்டிட்டாங்க! ஜெர்மன்காரங்க ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்துன எனிக்மா மெஷின், ரகசியக் குறியீட்டுப் புத்தகம் எல்லாம் கெடச்சுது. யு-505ல இருந்த 59 பேர்ல ஒருத்தர் இறந்தாரு, மத்தவங்கள அமெரிக்காவோட லூசியானால யாருக்கும் தெரியாம அடைச்சு வெச்சாங்க, படகு அழிஞ்சிடுச்சுன்னே ஜெர்மனி நெனைக்கணும்னு. படகையும் அட்லாண்டிக் கடல்ல இருக்கிற பெர்முடா தீவுக்கு இழுத்துட்டுப் போயி ஒளிச்சு வெச்சாங்க.

அதனால நான் முங்குறதுக்கு மட்டும் ‘மூழ்கியது’ன்னு எழுதுவேன், எதிரி அழிச்சா ‘மூழ்கடிக்கப்பட்டது’, தானா போயிட்டா ‘அமிழ்ந்துபோனது’. பின்னாடி ‘கப்பல்’ சேக்குறது பழக்கத்துல வந்தது, தப்பில்ல, ஆனா கடற்படைக்காரங்க இத படகுன்னுதான் சொல்லுவாங்க, ‘நீர்மூழ்கி’ன்னு தனியா எழுதுனாலே போதும். யு-505 நீர்மூழ்கி 1954லேந்து சிகாகோல ஒரு அறிவியல் மியூசியத்துல இருக்கு, உள்ள போயும் பாக்கலாம்.