அமெரிக்காவின் வரலாற்றுப் பதிவேடு: எல்லாச் சமூகங்களுக்கும் இடம் தரும் மானியத் திட்டம்

அமெரிக்காவில் பழைய கட்டடங்களுக்கும் இடங்களுக்கும் அரசு அங்கீகாரம் தருவதற்கென்று 'வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு' இருக்கிறது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதை, தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையான நேஷனல் பார்க் சர்வீஸ் நடத்துகிறது. இதுவரை 95,000க்கும் மேற்பட்ட பதிவுகள் ஆகியிருக்கின்றன. ஆனால் கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், லத்தீனோக்கள், ஆசியர்கள் ஆகியோரின் வரலாற்றைச் சொல்லும் இடங்கள் இவற்றில் 8 சதவீதம்கூட இல்லை என்று அந்தத் துறையே கணக்கிட்டிருந்தது. மாளிகை கட்டியவர்களின் வரலாறு பதிவானது. அந்த மாளிகைகளில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த தெருக்கள் விடுபட்டுப் போயின.

இதைச் சரிசெய்ய 2014ல் தனி மானியம் ஒன்று கொண்டுவந்தார்கள். பதிவேட்டில் போதிய இடம் கிடைக்காத சமூகங்களுக்கானது இது. பணம் வருவது வரலாற்றுப் பாதுகாப்பு நிதியிலிருந்து. கடலடி எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் தொகையில் ஒரு பங்குதான் அந்த நிதி. முதலில் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். பிறகு அது 10 லட்சத்தைத் தொட்டது. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான் என்பது வருத்தமான விஷயம். ஒரு திட்டத்துக்கு 15,000 முதல் 75,000 டாலர் வரை தருவார்கள், நம் பங்காக எதுவும் போடவேண்டியதில்லை. ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் நாடாளுமன்றம் முடிவு செய்வதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பணத்தில் கூரை மாற்றவோ சுவர் பூசவோ முடியாது. இடங்களைத் தேடிக் கணக்கெடுப்பது, ஆவணப்படுத்துவது, பதிவேட்டுக்கு விண்ணப்பம் தயாரிப்பது ஆகியவற்றுக்கு மட்டும்தான் செலவிடலாம். தனிநபரோ சங்கமோ நேரடியாகக் கேட்க முடியாது. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம், பூர்வகுடி அரசுகள், அங்கீகாரம் பெற்ற உள்ளாட்சிகள் ஆகியவைதான் கேட்க முடியும். ஆகவே முதலில் போய்ப் பேசவேண்டியது உங்கள் மாநில அலுவலகத்தில்தான்.

சரி, பதிவேட்டில் இடம்பெற என்ன தகுதி? பொதுவாக 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வரலாற்று நிகழ்வு, முக்கிய மனிதர், கட்டடக்கலை, தொல்லியல் தகவல் ஆகிய நான்கில் ஒன்றோடாவது தொடர்பு வேண்டும். கட்டடக்கலை என்ற வழியில் போனால் ஏழைகளின் இடங்கள் பெரும்பாலும் தோற்றுவிடும். நிகழ்வு என்ற வழியில்தான் அவற்றுக்கு வாய்ப்பு அதிகம். நியூயார்க்கில் ஜூலியஸ் என்றொரு மதுக்கடை. பார்க்கச் சாதாரணக் கட்டடம். தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு மது மறுக்கப்படுவதை எதிர்த்து, 1966ல் சிலர் தாங்கள் அப்படிப்பட்டவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி அங்கே மது கேட்டார்கள், மறுப்பு வந்தது. அந்த எதிர்ப்புப் போராட்டத்துக்காகவே 2016ல் அது பதிவேட்டில் ஏறியது.

உண்மையில் இடறுவது இன்னொரு விதியில். இடம் தன் பழைய அடையாளத்தை இழக்காமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். அமைவிடம், வடிவமைப்பு, சூழல், கட்டுமானப் பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு என ஏழு அம்சங்களைப் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வாழ்ந்த லிட்டில் மணிலா பகுதியின் பெரும்பகுதியை நெடுஞ்சாலைக்காக இடித்துவிட்டார்கள். அரசே இடித்துவிட்டு, பழைய பொருள் எங்கே என்று அரசே கேட்டால் அந்த மக்கள் எதைக் காட்டுவார்கள்? விதியைத் தளர்த்த வேண்டும் என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான். என் கருத்தும் அதுவே.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவையும் சொல்ல வேண்டும். 1910 முதல் 1940 வரை அங்கே குடியேற்ற நிலையம் இருந்தது. சீனாவிலிருந்து வந்தவர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில், மரத்தால் ஆன தங்குமிடத்தில் அடைத்து வைத்தார்கள். பிற்பாடு அந்தக் கட்டடத்தை இடித்துவிட நினைத்தார்கள். 1970ல் பூங்காக் காவலர் ஒருவர் உள்ளே போனபோது, பெயின்ட் அடுக்குகளுக்கு அடியில் சீன எழுத்துகள் செதுக்கியிருப்பது கண்ணில் பட்டது. பெரும்பாலும் அடைபட்டவர்கள் எழுதிய கவிதைகள். ஆசிய அமெரிக்கர்கள் விடாமல் குரல் கொடுத்ததால் 1976ல் மாநில அரசு அதைப் பாதுகாக்கப் பணம் ஒதுக்கியது. 1997ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. இந்த மானியம் வருவதற்கு வெகு முன்பே நடந்த கதை இது. கண்டு சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்தச் சுவர்கள் விறகாகியிருக்கும்.

பதிவேட்டில் ஏறினால் வீட்டை விற்கவோ மாற்றவோ முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். சொந்தப் பணத்தில் செய்யும் மாற்றத்துக்கு மத்திய அரசின் தடை கிடையாது, உள்ளூர் விதிகளைத் தனியே விசாரிக்க வேண்டும். தனியார் உரிமையாளர் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தால் பதிவும் ஆகாது. வாடகையோ வியாபாரமோ நடக்கும் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வரிச் சலுகை உண்டு. மத்திய அரசின் பணத்திலோ அனுமதியிலோ சாலை, பாலம் வருவதாக இருந்தால், அந்த இடத்துக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆராய்ந்தாக வேண்டும்.

விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாநில ஆய்வுக் குழு பார்த்த பிறகு அது நேஷனல் பார்க் சர்வீஸுக்குப் போகும். அங்கே 45 நாளில் முடிவு தெரியும்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நியூயார்க் ஃப்ளஷிங்கில் உள்ள விநாயகர் கோயிலுக்கு 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்தது. 2027ல் அதற்கு 50 வயது. வழிபாட்டுத் தலம் என்றால் பக்தியைத் தாண்டிய வரலாற்றுக் காரணம் காட்ட வேண்டும். ஆசியர்களுக்கு வழி திறந்துவிட்ட 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வந்து சேர்ந்த ஒரு சமூகம் எப்படி ஊன்றி நின்றது என்பதை அங்கே காட்டலாம். ஆனால் நம் வழக்கப்படி கோயிலை அவ்வப்போது திருப்பணி செய்து புதுப்பிக்கிறோம், பதிவேடோ பழைய பொருள் அப்படியே இருக்கிறதா என்று கேட்கிறது. இதற்குப் பதில் சொல்ல ஆதாரம் வேண்டும். முதல் கூட்டத்தின் நோட்டீஸ், நன்கொடை ரசீதுப் புத்தகம், திருப்பணிக்கு முன் எடுத்த புகைப்படங்கள், தொடக்கத்தில் பாடுபட்ட பெரியவர்களின் ஒலிப்பதிவு, இவை எந்த ஊர்க் கோயிலுக்கும் சங்கத்துக்கும் பொருந்தும். அந்தப் பெரியவர்கள் பேசும் நிலையில் இருக்கும்போதே பதிவுசெய்துவிட வேண்டும்.