டெக்சாஸில் வீடு வாங்குமுன்: கவுண்டி பெயரைப் பார்த்து வரியை முடிவு செய்யாதீர்கள்

"ஹாரிஸ் கவுண்டியில் வரி குறைவா, ஃபோர்ட் பெண்டிலா?" ஹூஸ்டன் பக்கம் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான். கேள்வியே கொஞ்சம் கோணல். டெக்சாஸில் மாநில அரசு சொத்து வரி வாங்குவதில்லை. கவுண்டி, பள்ளி மாவட்டம், நகராட்சி, எம்.யூ.டி. எனப்படும் தண்ணீர்-வடிகால் மாவட்டம் என்று ஆளுக்கொரு விகிதம் போடுகிறார்கள். பெரும்பாலும் பள்ளிக்குத்தான் பெரிய பங்கு. கேட்டி பள்ளி மாவட்டம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் மூன்று கவுண்டிகளிலும் பரவிக் கிடக்கிறது; எதில் வாங்கினாலும் பள்ளி விகிதம் ஒன்றே.

ஆளை அடிப்பது எம்.யூ.டி. புது மனைகளுக்குக் குழாயும் வடிகாலும் போட வெளியிட்ட கடன் பத்திரங்களைக் குடியிருப்பவர்களின் வரிதான் அடைக்கிறது. கடன் தீரத் தீர விகிதம் இறங்குவது வழக்கம் என்பதால், பக்கத்துப் பழைய குடியிருப்பில் வரி குறைவாக இருக்கலாம்.

விகிதம் 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்று இருக்கும். 4 லட்சம் டாலர் வீடு, பள்ளிக்கு 1.00, எம்.யூ.டி.க்கு 0.80 என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகக் குடியிருந்தால் பள்ளி வரியில் ஹோம்ஸ்டெட் விலக்கு 1,40,000 டாலர் (2025 முதல்). மிச்சம் 2,60,000க்கு 2,600 டாலர். அந்த விலக்கு எம்.யூ.டி.க்குச் செல்லாது, அங்கே தனியாக விலக்கு தராவிட்டால் 3,200. சிறிய விகிதம்தான் பெரிய பில் போடுகிறது! ஆகவே கவுண்டி சராசரியை விட்டுவிட்டு, வீடுகளுக்கு மதிப்புப் போடும் மதிப்பீட்டு மாவட்டத்தின் இணையதளத்தில் அந்த முகவரியைத் தேடி, எந்தெந்த அமைப்பு வரி போடுகிறது என்று பாருங்கள்.

புது வீட்டில் இன்னொரு பள்ளம். மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் பில் மனைக்கு மட்டுமே வரும். அதை வைத்து எஸ்க்ரோ (வரிக்காகக் கடன் தவணையோடு மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம்) கணக்கிட்டிருந்தால், அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வரும்போது மாதத் தவணை எகிறும், விட்ட பாக்கியும் சேரும். கையெழுத்துக்கு முன்பே முழு மதிப்பில் கணக்கிடும்படி கடன் தருபவரிடம் சொல்லுங்கள்.

ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் இலவசம், ஏப்ரல் 30க்குள் கொடுங்கள். விண்ணப்பித்துத் தருகிறோம் என்று காசு கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடலாம். வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாத பாதுகாப்பு, விலக்கு கிடைத்த முதல் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான். அதுவரை, மதிப்பு கூடுதல் என்று பட்டால் ஆட்சேபம் ஒன்றே வழி: மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாள், எது பிந்தியதோ அதற்குள்.