மகன் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள்

அட்டனில் ஒரு வங்கிக் கிளையில் கார்ட் முறைப்பாடுகளைப் பார்ப்பது என் வேலை. "கார்ட் என் கையிலதான் இருக்கு மிஸ், பின் நம்பரை யாருக்கும் சொல்லல, காசு மட்டும் போயிருச்சு" என்று வருகிறவர்கள் அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார்கள். பின் நம்பரை அவர்கள் பொத்திப் பொத்தித்தான் வைத்திருக்கிறார்கள். போனுக்கு வந்த ஓடிபியை, அதாவது ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய நம்பரை, யாருக்கோ சொன்னதை மட்டும் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

பழக்கியது வீட்டுப் பிள்ளைகள். மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்வான், கார்ட் மஸ்கெலியாவில் அப்பாவிடம் இருக்கும். கார்ட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோவாக மகனின் வட்ஸ்அப்பில் கிடக்கும். தராஸ் இணையக் கடையில் சப்பாத்து ஒன்றை ஓர்டர் பண்ணிவிட்டு, "அப்பா, இப்ப ஒரு நம்பர் வரும், டக்குனு சொல்லுங்க" என்பான். சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று அப்பாவும் வாசிப்பார். இப்படி நாலைந்து தடவை நடந்த பிறகு, "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்ட் நிற்கப்போகிறது, ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள்" என்று முன்பின் தெரியாத ஒருவன் கேட்டால் அவருக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியாது.

ஆகவே, பெரியவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன் பிள்ளைகளிடம்தான் பேசவேண்டும். அப்பாவின் காசில்தான் வாங்கவேண்டும் என்றால், அவர் உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும், உங்கள் கார்ட்டில் வாங்குங்கள். இல்லாவிட்டால் சாமான் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் எடுங்கள். கார்ட் போட்டோக்களை இன்றே அழித்துவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலே காசை எடுக்கும். கார்ட் இலக்கமும் காலாவதித் திகதியும் பின்னாலிருக்கும் மூன்று இலக்கமும் அவற்றுக்குப் போதும்.

அடுத்தது, தபால் கந்தோர் பெயரில் வரும் போலி எஸ்எம்எஸ். "உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி முழுமையாக இல்லாததால் தரமுடியவில்லை, கீழே உள்ள லிங்கில் திருத்துங்கள்" என்று வரும். நகரத்தில் வீட்டு இலக்கத்தோடு இருப்பவர் ஒருவேளை சிரித்துவிட்டு அழித்துவிடலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்கு அது சிரிப்பில்லை. வீட்டுக்கு இலக்கம் கிடையாது, தோட்டத்தின் பெயரும் டிவிசனும்தான் முகவரி. கடிதம் தோட்டத்து ஒபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரவேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வந்து வேலையைத் தவறவிட்ட பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். "முகவரி சரியில்லை" என்றால் நம்பத்தானே செய்வார்கள்?

பொகவந்தலாவையிலிருந்து வந்த ஓர் அம்மா தன் போனை அப்படியே என் மேசையில் வைத்தார். அந்தத் தளத்தில் தபால் திணைக்களத்தின் சின்னம் அச்சு அசலாக இருந்தது. கேட்டது வெறும் 85 ரூபா. கார்ட் விபரங்களைக் கொடுத்திருக்கிறார், ஓடிபி வந்திருக்கிறது, போட்டிருக்கிறார். அந்த ஓடிபி மெசேஜைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி. தொகை இருந்த இடத்தில் ரூபாவே இல்லை, டுபாய் திர்ஹாம், ஆயிரத்துக்கு மேல். கடையின் பெயரும் ஏதோ வெளிநாட்டுக் கடை. "நான் நம்பரை மட்டும்தான் பார்த்தேன் மிஸ்" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் அந்த மெசேஜில் முதலில் பார்க்கவேண்டியது நம்பரை அல்ல. தொகைக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். இலங்கை ரூபா என்றால் எல்கேஆர் (LKR), அமெரிக்க டொலர் என்றால் யூஎஸ்டி (USD), திர்ஹாம் என்றால் ஏஈடி (AED). ஆங்கிலம் வாசிக்க வராதவரும் இந்த மூன்று எழுத்தை அடையாளம் பிடித்துக்கொள்ளலாம். ரூபாவில் வாங்கும் பொருளுக்கு வேறு எழுத்து வந்தால், தொகை மாறியிருந்தால், நம்பரைப் போடவே வேண்டாம். தொகையே இல்லாமல் ஒரு மெசேஜ் வந்தால் இன்னும் கவனம். யாரோ உங்கள் கார்ட்டைத் தன் போனில் ஏற்றிக்கொள்ளக் கேட்கும் அனுமதியாக அது இருக்கலாம்.

இணையத்தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழை வைத்துப் போலித் தளமும் அந்தப் பூட்டைக் காட்டும். குரோம் பிரவுசர் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

கடனட்டையா டெபிட் கார்ட்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: சம்பளமும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசும் விழும் கணக்கின் டெபிட் கார்ட்டை இணையத்தில் பாவிக்கவே வேண்டாம். போனால் அந்த நிமிடமே உங்கள் சொந்தக் காசு போகிறது. குறைந்த எல்லை வைத்த கடனட்டை, அல்லது சில ஆயிரம் ரூபா மட்டும் போட்டுவைக்கும் தனிக் கணக்கு நல்லது. பேஸ்புக்கில் விற்பவர், "கணக்குக்கு அனுப்பிவிட்டு ஸ்லிப் போடுங்க" என்றால் நான் வாங்கமாட்டேன். கார்ட்டில் கட்டிய பொருள் வராவிட்டால் வங்கி மூலம் காசைத் திருப்பிக் கேட்க முறை இருக்கிறது. கணக்குக்கு நேராக அனுப்பிய காசுக்கு அது கிடையாது.

சரி, காசு போய்விட்டது. திங்கட்கிழமை பஸ் ஏறி அட்டனுக்கு வரலாம் என்று இருக்காதீர்கள். கார்ட்டின் பின்னாலிருக்கும் இலக்கத்துக்கு உடனே பேசி கார்ட்டை நிறுத்துங்கள். எஸ்எம்எஸ், லிங்க் எதையும் வெட்கப்பட்டு அழிக்கவேண்டாம், எங்களுக்கு அவை தேவை. ஓடிபி சரியாகப் போடப்பட்ட கொடுக்கலைத் திருப்புவது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், ஆனாலும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. தமிழிலேயே முறையிடலாம்.