அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்: சரிந்துபோன குவாட்டர்பேக் மீண்டெழுவது எப்படி?

2019 அக்டோபர் 21, திங்கட்கிழமை இரவு. அமெரிக்கக் கால்பந்தின் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குக் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, ஆடிய 22 வயது சாம் டார்னால்டு, ஆட்டத்தின் நடுவே ஓரத்து இருக்கையில் அமர்ந்தபடி, "எனக்குப் பேய்கள் தெரிகின்றன" என்று சொன்னார். ஒளிபரப்புக்காக அவர் உடையில் ஒலிவாங்கி பொருத்தியிருந்ததால் அந்தப் பேச்சு தொலைக்காட்சியில் நாடு முழுவதும் கேட்டது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி அன்று 33-0 என்று வென்றது. டார்னால்டு எறிந்த 32 பந்துகளில் அவருடைய ஆட்கள் பிடித்தவை 11, எதிரணியினர் பிடித்தவை 4. குவாட்டர்பேக்குகளை அளக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. அதன் உச்சம் 158.3. அன்று அவருக்குக் கிடைத்தது 3.6. கையில் கிடைத்த ஒவ்வொரு பந்தையும் வேண்டுமென்றே தரையில் அடித்திருந்தால்கூட அந்தச் சூத்திரம் 39.6 கொடுத்திருக்கும்.

பேய் தெரிகிறது என்பது அந்த விளையாட்டில் புழங்கும் பேச்சு. தன்னை வீழ்த்த வராத ஆளை வருவதாகவும், இல்லாத தடுப்பாளரை இருப்பதாகவும் காண்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதும் அதையேதான். அரண்டுபோன அந்தக் கண் மறுபடி தெளியுமா என்ற கேள்விக்கு மன உறுதி, விடாமுயற்சி என்று பதில் சொல்வது வழக்கம். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை குறைவு. பார்வையும் நேரமும் நினைவும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் இன்னும் தெளிவான பதில் கிடைக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். அவர் அதை ஓடுபவரிடம் கொடுக்கலாம், அல்லது முன்னால் ஓடும் பிடிப்பாளர்களில் ஒருவருக்கு எறியலாம். அவருக்கு முன்னால் 140 கிலோவை நெருங்கும் ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். எதிரணியினர் அந்த அரணை உடைத்து, பந்து கையில் இருக்கும்போதே அவரைத் தரையில் சாய்த்தால் அதற்குப் பெயர் சாக்.

பந்து கைக்கு வந்ததிலிருந்து எறிவது வரை சராசரியாக இரண்டரை முதல் மூன்று விநாடிதான் கிடைக்கும். எறிந்த பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் பறப்பதாக வைத்துக்கொண்டால் 18 மீட்டர் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.8 விநாடி ஆகும். அதே நேரத்தில் பிடிப்பாளர் ஆறேழு மீட்டர் ஓடிவிடுவார். ஆகவே, ஆள் தனியாக நிற்பதைக் கண்ட பிறகு எறிந்தால் காலம் கடந்துவிடும். அவர் திரும்புவதற்கு முன்பே, இன்னும் அவர் போய்ச் சேராத வெற்றிடத்தை நோக்கிப் பந்து புறப்பட்டாக வேண்டும். இதற்காகவே குவாட்டர்பேக்கின் பின்னடிகளும் பிடிப்பாளரின் ஓட்டமும் தாளக்கட்டுப் போல இணைத்துப் பழக்கப்படுகின்றன. ஐந்து காலடி பின்வாங்கிக் கடைசிக் கால் ஊன்றும்போது முதல் பிடிப்பாளர் திரும்பவிருக்கும் தறுவாயில் இருப்பார். அவருக்கு வழியில்லை என்றால் ஒரு சிறு துள்ளலோடு கண் இரண்டாமவரிடம் போகும், அடுத்த துள்ளலில் மூன்றாமவரிடம். கண் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காலே சொல்லிவிடும்.

கண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நாம் கூர்மையாகக் காண்பது, கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுள்ள ஒரு சிறு வட்டத்தை மட்டுமே. அந்த வட்டத்தை விநாடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாற்றலாம். மாறும் கணத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. ஆக, ஒரு முயற்சிக்குள் குவாட்டர்பேக்குக்குக் கிடைப்பது அதிகம் போனால் பத்துப் பார்வைகள். களத்தில் மற்றவர்கள் 21 பேர். ஒவ்வொருவராகப் பார்த்து முடிவெடுக்க வழியே இல்லை.

தேர்ந்தவர்கள் வேறு வழியைக் கைக்கொள்கிறார்கள். 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் சதுரங்க வீரர்களுக்கு ஒரு பலகையை ஐந்து விநாடி காட்டி, பிறகு நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகையாக இருந்தால் தேர்ந்த வீரர் புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியாக வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்த பலகையில் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவர் நினைவில் வைத்திருந்தவை தனித்தனிக் காய்கள் அல்ல, பழகிய கொத்துகள். குவாட்டர்பேக்கும் பதினோரு தடுப்பாளர்களைப் பார்ப்பதில்லை. பின்வரிசைக் காவலர் இருவரில் ஒருவர் முன்னால் இறங்குகிறாரா, நடுவில் நிற்பவர் பின்வாங்குகிறாரா என்று இரண்டு மூன்று அடையாளங்களைக் கண்டதும் முழுப் படமும் அவர் மனத்தில் விரிகிறது.

பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அன்றிரவு குலைத்தது இந்தக் கொத்துகளைத்தான். ஆறேழு பேரை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பாயப்போவது போல நிறுத்துவார். சில முயற்சிகளில் எல்லோரும் பாய்ந்தார்கள். சிலவற்றில் பாதிப் பேர் கடைசிக் கணத்தில் பின்வாங்கி, பந்து போகவேண்டிய பாதையில் நின்றார்கள். டார்னால்டின் முன்னால் இருந்தது காய்களை இறைத்து வைத்த பலகை.

இங்கே ரேடார் திரையிலிருந்து பிறந்த ஒரு கோட்பாடு உதவுகிறது. திரையில் ஒரு மங்கல் புள்ளி தெரிகிறது; அது எதிரி விமானமா, வெறும் இரைச்சலா? விமானத்தைத் தவறவிட்டால் உயிர்கள் போகும் என்ற நிலையில், எந்தப் புள்ளியையும் விமானம் என்று கூவும் அளவுக்குக் காவலர் தன் அளவுகோலைத் தளர்த்திவிடுவார். அவர் கண்ணின் கூர்மை சற்றும் மாறியிருக்காது. முடிவெடுக்கும் எல்லைக்கோடு மட்டும் நகர்ந்திருக்கும். 1950களில் உருப்பெற்ற இந்தக் குறிப்புணர்வுக் கோட்பாட்டின் வழியே பார்த்தால், முதுகில் மீண்டும் மீண்டும் அடி வாங்கிய குவாட்டர்பேக்குக்கு நேர்வதும் அதுவே என்பது என் கணிப்பு. அரண் உடைந்துவிட்டது என்று பத்து முறை பொய்யாக அஞ்சினாலும் பரவாயில்லை, ஒரு முறைகூட அஞ்சாமல் இருந்துவிடக் கூடாது என்று மூளை கணக்குப் போடுகிறது. பார்வை தொலைவிலுள்ள பிடிப்பாளரை விட்டுவிட்டு அருகில் மோதிக்கொள்ளும் உடல்களின் மேல் விழுகிறது. கால் ஊன்றாமல் பின்னே நகர்கிறது. எறிதலின் விசை தரையிலிருந்து இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறவேண்டியது; கால் ஊன்றவில்லை என்றால் பந்து ஒரு மீட்டர் தவறும். ஒரு மீட்டர் தவறினால் அது எதிரணியின் கைக்குப் போகும். கை பழுதாகிவிட்டது போலத் தோன்றினாலும், பழுதாகியிருப்பது கண்ணும் காலும் சேர்ந்த பழக்கம்.

இந்தப் பழக்கத்தை ஆடிக்கொண்டே திருத்துவது ஏன் கடினம் என்பதும் இதிலிருந்து விளங்கும். வலுவற்ற அரணுக்குப் பின்னால் அச்சம் பாதி நேரம் உண்மையாகவே இருக்கிறது. அப்படியிருக்க, எல்லைக்கோட்டைத் திருப்பி நகர்த்த மூளைக்கு என்ன காரணம்? 2018இல் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுத்தபோது மூன்றாவதாகத் தேர்வு செய்யப்பட்ட டார்னால்டை ஜெட்ஸ் மூன்றே பருவங்களில் கரோலினா பாந்தர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அங்கேயும் இரண்டு பருவங்களில் கதை மாறவில்லை. 2023இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியில் மாற்று ஆட்டக்காரராகப் போய், பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது சரிவின் அடுத்த படி. என் பார்வையில் அது மருந்து. அடி அதிகம் விழாத ஓராண்டு அது. அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷனஹான் வகுத்த, காலையும் கண்ணையும் கண்டிப்பாகக் கோக்கும் ஓர் ஆட்டமுறையை நாள்தோறும் அருகிலிருந்து கற்ற ஆண்டும் அதுவே.

2024இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அவரை ஓராண்டுக்கு 1 கோடி டாலருக்கு எடுத்தபோது, புதிதாகத் தேர்வான ஜே.ஜே. மெக்கார்த்தி தயாராகும் வரை இடத்தை நிரப்புவதே அவர் வேலை என்று பலர் எண்ணினார்கள். பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் மெக்கார்த்தியின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஓகானல் தாமே பழைய குவாட்டர்பேக். குவாட்டர்பேக் பயிற்சியாளர் ஜாஷ் மெக்கவுன், 2018இல் ஜெட்ஸில் டார்னால்டோடு ஒரே அறையில் காணொளி பார்த்தவர். சரிவின் தொடக்கத்தை நேரில் அறிந்தவர்.

அவர்கள் கையாண்ட கருவிகளில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். குவாட்டர்பேக் பந்தை ஓடுபவரின் வயிற்றருகே நீட்டி, கொடுப்பது போல நடித்துத் திரும்ப இழுத்துக்கொள்வார். பெயர் பிளே ஆக்‌ஷன். நடுவில் நிற்கும் தடுப்பாளர்கள் ஓட்டத்தை நிறுத்த இரண்டடி முன்னால் வருவார்கள். அந்த இரண்டடியில் அவர்களுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் திறக்கும். பாய்ந்து வருபவர்களும் ஒரு கணம் தயங்குவார்கள். பல அடையாளங்களைப் படிக்கவேண்டிய இடத்தில், அந்த ஒற்றைத் தடுப்பாளர் ஏமாந்தாரா இல்லையா என்று படித்தாலே போதும். தலைக்கவசத்தில் உள்ள சிறு ஒலிபெருக்கி வழியே பயிற்சியாளர், முயற்சிக்கான கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும் வரை குவாட்டர்பேக்கிடம் பேசலாம் என்பது விதி. சீக்கிரம் அணிவகுத்தால் எதிரணியின் நிற்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இத்தனைக்கும் மேலாக, எந்தப் பந்தையும் எட்டிப் பிடிக்கும் ஜஸ்டின் ஜெஃபர்சன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பருவம் முடிந்தபோது வைக்கிங்ஸ் 14 வெற்றி, 3 தோல்வி. டார்னால்டின் எறிதல்களில் 4,319 யார்டு முன்னேற்றம், 35 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), மதிப்பெண் 102.5.

பேய் ஓடிவிட்டதா என்றால், இல்லை. 2025 ஜனவரி 13 அன்று பிளேஆஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் ரேம்ஸ் அணி அவரை ஒன்பது முறை சாக் செய்து, 27-9 என்று வென்றது. பந்தை விடவேண்டிய நேரத்தில் விடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்ற பழைய டார்னால்டை அன்று எல்லோரும் பார்த்தார்கள். மூளையின் கற்றலை ஆராய்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அச்சம் கற்றுக்கொண்ட விலங்கை அச்சமற்ற சூழலில் பழக்கினால் அச்சம் அடங்குகிறது. ஆனால் பழைய சூழலுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அது தலைதூக்குகிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் பல்லாண்டுகளாக ஆராய்ந்த செய்தி இது: பழைய பாடம் அழிவதில்லை, புதிய பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது, புதிய பாடமோ சூழலோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அரண் நொறுங்கிய அந்த இரவு, மூளைக்கு 2019இன் இரவாகவே தெரிந்திருக்கும்.

இதே பாதையில் நடந்தவர்கள் எல்லோரும் மீளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் முதலாவதாகத் தேர்வான பேக்கர் மேஃபீல்டு 2022இல் கரோலினாவுக்கு வந்து, டார்னால்டிடமிருந்தே இடத்தைப் பிடித்து, அதே பருவத்தில் வெளியேறினார். பிறகு டாம்பா பே பக்கனியர்ஸ் அணியில் 2024இல் 41 டச்டவுன் எறிந்தார். அதே 2018இல் பத்தாவதாகத் தேர்வான ஜாஷ் ரோசனோ அணி அணியாக மாறியும் எழவே இல்லை. மீண்டவர்களை மட்டும் எண்ணினால் மீள்வது எளிது போலத் தோன்றும்.

2025இல் டார்னால்டு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்குப் போனபோது, வைக்கிங்ஸின் சூழலை விட்டு வந்தவர் பழையபடி ஆகிவிடுவார் என்ற பேச்சு எழுந்தது. சூழல் முழுவதும் மாறிவிடவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை: சியாட்டிலின் ஆட்டத்தை வகுத்த கிளின்ட் குபியாக், 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் பந்தெறி ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அதே சொற்கள், அதே காலடிகள். நவம்பரில் ரேம்ஸ் அணி அவரிடமிருந்து நான்கு பந்துகளைப் பறித்து 21-19 என்று வென்றது. டிசம்பரில் அதே ரேம்ஸை, கடைசிக் கால்பகுதியில் 16 புள்ளி பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தில் 38-37 என்று சீஹாக்ஸ் வீழ்த்தியது. ஜனவரியில் மூன்றாம் முறை சந்தித்தபோது 31-27 என்று வென்று இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனது.

அந்த இறுதி ஆட்டம் 2026 பிப்ரவரி 8 அன்று சான்டா கிளாராவில், 2023இல் அவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அதே மைதானத்தில் நடந்தது. எதிரே நின்றது பேட்ரியாட்ஸ். சீஹாக்ஸ் 29-13 என்று வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது ஓடுபவர் கென்னத் வாக்கருக்குப் போனது. எதிரணிக் குவாட்டர்பேக்கை நிமிரவிடாமல் அடித்தது சீஹாக்ஸின் தடுப்புப்படை. டார்னால்டு எறிந்த 38 பந்துகளில் பிடிக்கப்பட்டவை 19. பேட்ரியாட்ஸின் கைக்கு ஒன்றுகூடப் போகவில்லை.